கூடும் நாள்

உபாத்தியாயத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. கண்ணால் பாராத தேசங்களைப் பற்றி, பார்த்து வந்தவர்களைக் காட்டிலும் தைரியமாகப் பேசலாம். இருபது வருஷங்களாக நாம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். ‘வட அமெரிக்காவின் நடுவே பிரெய்ரி என்னும் புல்வெளி இருக்கிறது, மரங்கள் அரிது, கோதுமை விளையும்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் அத்துடன் அந்தப் பிரதேசத்தின் கதை முடிந்தது. அங்கே ஊர்கள் உண்டா, அவ்வூர்களில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் அந்தப் பிரெய்ரியையே பார்க்கும்படி நேர்ந்தது. நம் தம்பி கான்ஸாஸ் நகரத்தில் பல வருஷங்களாக உத்தியோகத்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போனோம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தகப்பனார் காலமாகிப் பதினோரு வருஷங்கள் ஆகின்றன. ஊரில் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் சில ஓடுகள் சரிகின்றன. நல்ல விலைக்கு ஒருவர் கேட்டார். விற்பதானால் தம்பியின் சம்மதமும் கையொப்பமும் வேண்டும். தபாலிலேயே முடித்திருக்கலாம். ஆனால் தகப்பனார் கட்டிய வீட்டை விற்கும் பேச்சைத் தபாலில் பேச மனம் வரவில்லை. காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

போய்ச் சேர்ந்து மூன்று நாட்களாகியும் பையைத் திறக்கச் சமயம் வாய்க்கவில்லை. வாய்த்த சமயங்களிலும் நாவு எழவில்லை. நான்காம் நாள் தம்பி, “அண்ணா! வருஷந்தோறும் வகுப்பில் பிரெய்ரி, பிரெய்ரி என்கிறீர்கள். அதைப் பார்க்காமல் போகலாமா? மேற்கே ஒரு சிற்றூர் இருக்கிறது. நாளைக்கு அங்கே விசேஷம்” என்றான். மறுநாள் விடியுமுன் காரில் கிளம்பினோம்.

சுமார் 300 மைல் பிரயாணம். முதலில் மேடும் பள்ளமுமாக இருந்த பூமி போகப்போகத் தட்டையாயிற்று. கோதுமை அறுவடை முடிந்து, வயல்கள் பொன்னிறத் தாளடிகளாகக் கிடந்தன. மரங்கள் ஓடைக்கரையில் மட்டும் வரிசையாகத் தென்பட்டன. மற்றபடி எங்கு பார்த்தாலும் வானமே. தொலைவில் ஏதோ ஒன்று உயர்ந்து தெரிந்தபோதெல்லாம், பழக்கத்தால், கோபுரம் என்றே நினைத்தோம். அருகில் போனால் அது தானியம் சேமிக்கும் களஞ்சியமாயிருந்தது. ஊருக்கு ஊர் அதுதான் அங்கே கோபுரம்.

எல்லிஸ் என்னும் சிறு பட்டணத்தில் பெருஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினோம். அங்கிருந்து நாம் போகவேண்டிய ஊருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1877-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இதே எல்லிஸ் ரயில் நிலையத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்கினார்கள். கென்டக்கி மாகாணத்தில் லெக்ஸிங்டன் நகரையடுத்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்வரை அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். நாம் காரில் சென்ற தூரத்தை அவர்கள் குழந்தை குட்டிகளுடன் இரண்டு நாட்கள் நடந்து கடந்தார்கள்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-இல் முடிந்தது. அவ்வாண்டே அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் உழுவதற்கு நிலமோ, அச்சமின்றி வோட்டுப் போடும் உரிமையோ விடுதலை பெற்றவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. தெற்கே அவர்களுக்குக் காவலாக நின்ற மத்திய சர்க்கார் துருப்புகளும் 1877-இல் வாபஸாயின. மறுபுறம், 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் ஒன்று இருந்தது. மேற்கே சர்க்கார் நிலத்தில் 160 ஏக்கரைப் பதிவு செய்துகொண்டு, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகும். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாதிருந்தவனுக்கு இதைவிடப் பெரிய செய்தி எது?

அவ்வாண்டு ஏப்ரலில் ஏழு பேர் சேர்ந்து ஊர் அமைக்கும் கம்பெனி ஒன்று நிறுவினார்கள். அறுவர் கறுப்பினத்தார், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற பாதிரியார் அவர்களுக்குத் தலைவர். ஏழாமவரான டபிள்யூ. ஆர். ஹில், மனை நிலங்களை விற்றுப் பழகிய வெள்ளையர். ஸோலமன் நதிப் பள்ளத்தாக்கில் ஓர் இடத்தைத் தேர்ந்து, ‘நிகோடிமஸ்’ என்று பெயரிட்டார்கள். தன் விலையைத் தானே கொடுத்து விடுதலை வாங்கிய அடிமை ஒருவனின் கதையிலிருந்து அப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. விவிலியத்தில் வரும் பெயரே அது என்பாரும் உண்டு. கென்டக்கியின் மாதாகோவில்களில் துண்டுப் பிரசுரங்கள் பரவின. வளமான பூமி, செழிப்பான ஊர் என்று அவை வர்ணித்தன. மனை விற்கிறவர்களின் பாஷை எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

வந்து பார்த்தவர்களுக்கு ஊரே தென்படவில்லை. முன்பே வந்திருந்த சிலர், மரமில்லாத அந்தப் பூமியில் வேறு வழியின்றி மேட்டைக் குடைந்து குழிவீடு அமைத்து அதற்குள் இருந்தார்கள். அடுத்த வருஷம் கணவருடன் அங்கு வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற மாது பிற்காலத்தில் தம் நினைவுகளைச் சொல்லியிருக்கிறார். ‘அதோ ஊர்’ என்று யாரோ காட்ட, அவர் எட்டிப் பார்த்தாராம். தரையிலிருந்து புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்ததாம். ஜனங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படுவதைக் கண்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. செப்டம்பரில் வந்தவர்களிலும் பல குடும்பங்கள் உடனே திரும்பிப் போய்விட்டன. ஆத்திரம் கொண்ட சிலர் ஹில்லைத் தூக்கிலிடவே துணிந்தார்கள் என்றும், அவர் எப்படியோ தப்பினார் என்றும் சொல்வார்கள்.

திரும்பிப் போகாதவர்களைப் பற்றியே நாம் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு சென்றோம். அவர்களில் பலர் கையில் திரும்பிப் போகப் பணமில்லாதவர்கள். அதுவும் ஒரு காரணந்தான். ஆனால் அது ஒன்றே காரணமாயிருந்தால், பணம் கிடைத்ததும் போயிருப்பார்கள். போகவில்லை. குதிரைகள் இரண்டொன்றே இருந்தபடியால் மண்வெட்டியாலும் கொத்துக் கருவிகளாலும் அந்தப் புல்வேர்ப் பூமியைப் பிளந்தார்கள். விறகுக்கு மரமில்லை, சூரியகாந்தித் தட்டையையும், காட்டெருமையின் உலர்ந்த சாணத்தையும் எரித்தார்கள். நம் ஊர்ப் பெண்மணிகளுக்கு வறட்டியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பனிக்காலத்தில் அவர்களுக்கு அதுவே உயிர். அந்த அக்டோபரில், குழிவீடு ஒன்றில் எம்மா வில்லியம்ஸ் என்பவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவ்வூரில் பிறந்த முதற் குழந்தை அது.

முதற் பனிக்காலத்தில் பஞ்சம் நெருங்கியபோது, வேட்டைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஓஸேஜ் என்னும் பழங்குடி மக்கள் தங்கள் உணவில் பங்கு கொடுத்தார்கள் என்பது கிராமத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்த ஓஸேஜ் மக்கள் சில வருஷங்களுக்கு முன்புதான் கான்ஸாஸிலிருந்த தங்கள் நிலங்களை விட்டு அகற்றப்பட்டவர்கள். ‘சர்க்கார் நிலம்’ என்று காகிதத்தில் எழுதப்பட்டது யாருடைய நிலம் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நிலமிழந்தவர்கள் நிலமில்லாதவர்களுக்குச் சோறிட்டார்கள்.

நமக்குச் சொந்தமான பெருமை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அந்த மாவட்டத்தின் முதற் பள்ளிக்கூடம் இவ்வூரில்தான் தோன்றியதாம். அதுவும் ஒரு குழிவீட்டில். ஸ்மித் பாதிரியாரின் புதல்வி ஜெனி பிளெட்சர் அதன் உபாத்தியாயினி. பெற்றோரில் பலர் எழுத்தறியும் வாய்ப்பையே பெறாதவர்கள். கூரைக்கு மரமும் வயிற்றுக்கு உணவும் சரியாக இல்லாத இடத்தில், பள்ளிக்கூடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இருக்கவில்லை.

பத்தே வருஷங்களில் ஊர் எழுந்து நின்றது. ஜெனியின் கணவர் பிளெட்சர் தபாலாபீஸை நடத்தினார்; 1880-ஐ ஒட்டி ஒரு ஹோட்டலும் கட்டினார். 1885-இல் கல்லால் ஒரு மாதாகோவில் எழுந்தது. கடைகள், பாங்கு, தர்ம சங்கங்கள், பேஸ்பால் கோஷ்டி எல்லாம் வந்தன. 1886-லும் 1887-லுமாக இரண்டு பத்திரிகைகள்கூடத் தோன்றின. 1878-இல் இங்கு வந்து குடியேறிய எட்வர்ட் மக்கேப் என்ற இளைஞர் 1882-இல் கான்ஸாஸ் மாகாணம் முழுமைக்கும் கணக்குத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மாகாணத்தில் அத்தகைய பதவிக்கு வோட்டுப் பெற்று வந்த முதற் கறுப்பினத்தவர் அவரே.

இனி ரயில் ஒன்றுதான் குறை என்றார்கள். 1887-இல் ஊரார் கூடி, ரயில் கம்பெனி ஒன்றைத் தங்கள் பக்கம் வரவழைக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் கொடுப்பதாக வோட்டெடுத்துத் தீர்மானித்தார்கள். குழிவீட்டிலிருந்து வெளிவந்து பத்து வருஷமே ஆன ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அப்படியும் அந்தக் கம்பெனி வரவில்லை. 1888-இல் வேறொரு கம்பெனி நதிக்குத் தென்புறம், சில மைல் தள்ளி, தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்னும் புதிய ஊர் முளைத்தது. நிகோடிமஸ் வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டார்கள். பத்திரிகைகளும் நின்றுபோயின.

சரித்திரப் புஸ்தகங்களில் இந்த இடத்தில் ஊரின் கதை முடிந்தது என்று எழுதிவிடுவது சுலபம். நாமும் அப்படித்தான் எழுதியிருப்போம். ஆனால் தம்பி காரை நிறுத்தி, நாம் இறங்கி ஊருக்குள் நடந்தபோது கண்ட கட்டிடங்கள் வேறு சாட்சி சொல்லின. ஹோட்டலும் கல்லாலான மாதாகோவிலும் ரயில் தவறுவதற்கு முந்தியவை. மற்ற மூன்றும் பிந்தியவை. பாப்டிஸ்ட் கோவில் 1907-இல் கட்டியது. பழைய பள்ளிக்கூடம் எரிந்துபோனபின் மறுபடியும் கட்டியது 1918-இல். பொருளாதார மந்தமும் புழுதிப் புயலும் வறட்சியும் வாட்டிய 1930-களின் முடிவில், 1939-இல், சுண்ணாம்புக் கல்லால் ஊர்ப் பொதுமண்டபம் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் போனார்கள், நிலத்தோடு இருந்தவர்கள் இருந்தார்கள். கோவிலும் பள்ளியும் கூடுமிடமும் வேண்டுமென்று அவர்களே ஐம்பது வருஷம் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதன் பிறகும் ஊர் இளைத்துக்கொண்டுதான் வந்தது. பிழைப்பைத் தேடிப் பிள்ளைகள் பட்டணங்களுக்குப் போனார்கள். 1953-இல் தபாலாபீஸ் மூடப்பட்டது. பள்ளிக்கூடமும் பின்னர் மூடப்பட்டது. ஆனாலும் ஊராரின் விடாமுயற்சியால் 1976-இல் அது தேசியச் சிறப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1996-இல் மேற்சொன்ன ஐந்து கட்டிடங்களும் தேசிய சரித்திரத் தலமாக்கப்பட்டன. விடுதலைக்குப்பின் மிஸிஸிப்பிக்கு மேற்கே அம்மக்கள் அமைத்த குடியேற்றங்களில் இன்றுவரை நிலைத்திருப்பவற்றுள் இதுவும் ஒன்று. இன்று நிரந்தரமாக அங்கே வசிப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே.

ஆனால் நாம் போன அன்று அங்கே திருவிழாக் கூட்டம். காரணம் இதுதான்: வந்து குடியேறிய மறுவருஷத்திலிருந்தே அவ்வூரார் ஒரு விடுதலை விழாக் கொண்டாடி வருகிறார்கள். 1834 ஆகஸ்டு முதல் தேதியன்று பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த நாளைக் கொண்டாடும் வழக்கம் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பல இடங்களில் இருந்தது. அதையொட்டி ஜூலைக் கடைசியில் வரும் வார முடிவில், எங்கெங்கோ சிதறிய சந்ததியார் எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். ஊர்வலம், விருந்து, பாட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை. இதற்கு ‘வீடு திரும்புதல்’ என்றே பெயர்.

அந்த ஆகஸ்டு முதல் தேதி நமக்கும் சம்பந்தமில்லாததன்று. அடிமைகள் விடுபட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் மொரீஷியஸில் போய் இறங்கினார்கள். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் நேட்டாலில் போய்ச் சேர்ந்தது. ஒரு ஜனத்தொகுதி தளையினின்று விடுபட்ட நாளே மற்றொரு ஜனத்தொகுதியின் கண்ணீருக்குத் தோற்றுவாயாயிற்று. ஊர்வலத்தில் சிரித்துக்கொண்டு போன குழந்தைகளைப் பார்த்தபோது, ஊர் திரும்ப முடியாமலே போன நம்மவர் எத்தனை ஆயிரமோ என்ற எண்ணமும் வந்தது.

பொதுமண்டபத்தின் நிழலில் எண்பது பிராயம் மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருடைய பாட்டனார் அந்த 1877-இல் நடந்து வந்தவர்களில் ஒருவராம். அவர் பிறந்தது இங்கே, வாழ்வது கொலராடோவில். “இங்கே உங்களுக்கு வீடு இருக்கிறதா?” என்று கேட்டோம். “அது இடிந்து போய் எத்தனையோ வருஷமாயிற்று” என்றார், கொஞ்சமும் வருத்தமில்லாமல். பிறகு நம்மைப் பற்றி விசாரித்தார். ஊர் எது, தொழில் என்ன, உடன்பிறந்தவர் எத்தனை பேர் என்றெல்லாம் நம் ஊர்ப் பாட்டிமாரைப் போலவே கேட்டுவிட்டுக் கடைசியில், “உங்கள் ஊரில் நீங்கள் கூடும் நாள் எது?” என்றார்.

நாம் சற்றுத் திகைத்தோம். கூடும் நாள் நமக்கு இல்லாமலா? பங்குனியில் அம்மன் திருவிழா. ஆனால் பங்குனியில்தான் பரீட்சையும். தகப்பனார் காலமான பிறகு பதினோரு பங்குனிகளிலும் பரீட்சையைச் சாக்குச் சொல்லி நாம் ஊருக்குப் போகவில்லை. தம்பிக்கு லீவு இல்லை. தங்கைக்குப் பிள்ளைகளின் படிப்பு. எல்லாம் நியாயமான காரணங்களே. “பங்குனி மாதம்” என்று பதில் சொன்னோம். “நல்லது. அப்படியானால் வருஷந்தோறும் எல்லோரையும் பார்ப்பீர்கள்” என்றார் அந்த அம்மாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நாம் களஞ்சியத்தின் பக்கம் பார்த்தோம்.

திரும்பும் வழியில் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. இருட்டியபிறகு தம்பிதான் ஆரம்பித்தான். “அண்ணா! நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தங்கை டெலிபோனில் சொல்லிவிட்டாள். காகிதத்தைக் கொடுங்கள், போடுகிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.”

“அது இருக்கட்டும். அடுத்த பங்குனிக்கு உனக்கு லீவு கிடைக்குமா?” என்று கேட்டோம்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. எட்டு மாதம் முன்னதாகக் கேட்டால் கிடைக்கலாம் என்றான். நாமும் தலைமை உபாத்தியாயரிடம் எட்டு மாதம் முன்னதாகக் கேட்பதாக ஒப்புக்கொண்டோம்.

இந்தப் பங்குனியில் பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு மூவர் குடும்பமும் ஊரில் கூடியது. மூன்று நாள் தங்கினோம். பாதி வீட்டுக்கு ஓடு மாற்றினோம். வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற விஷயத்தில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தங்கைக்கு விற்கத்தான் விருப்பம், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்படி முடிந்தாலும், அடுத்த பங்குனிக்கு லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

வகுப்பில் பிரெய்ரிப் பாடம் வந்தபோது, வழக்கமான வரிகளுக்குக் கீழே, ‘அங்கே நிகோடிமஸ் என்று ஓர் ஊர் உண்டு’ என்று எழுதி, அதன் கதையையும் சொன்னோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஸார்?” என்று கேட்டான்.

“எந்த நாளில் என்று சேர்த்துக் கேள்” என்றோம்.